ரிப்போர்ட்டை மாற்றி எழுதச் சொல்லும் தெரபி சென்டரில் வேலை பார்க்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்து, மூன்று ஆண்டுகளாகக் கோவையில், ஆட்டிசம் போன்ற குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஒரு தனியார் தெரபி சென்டரில் வேலை செய்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோருக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டில், முன்னேற்றம் இல்லாத இடத்திலும் இருப்பதாக எழுதச் சொல்கிறார்கள். பயிற்சி பெறாத இரண்டு பெண்கள் எடுக்கும் செஷன்களுக்கும் உங்கள் பதிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். எந்தக் குழந்தை வந்தாலும் வாரம் ஐந்து செஷன் வேண்டும் என்றே சொல்ல வேண்டும். பெற்றோர் உள்ளே வரக் கூடாது. கேட்டால், "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்கிறார் உரிமையாளர். இது தவறா, பெற்றோரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தவறா என்பதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். சம்பளம் கொடுக்கிறவருக்கும் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் நடுவில் நான் யாருக்குக் கடமைப்பட்டவள், வேலையை இழக்காமல் அந்தக் கடமையை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு தனியார் சென்டர்கள், ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறப்புப் பள்ளி, இப்போது டிப்ளமோ மாணவிகளுக்குச் செய்முறைப் பயிற்சி. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். சட்டத்தை வேலைக்குத் தேவையான அளவுக்குப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

சந்தேகமே இல்லாத விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன்: உங்கள் பதிவு எண். இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992ல் வந்தது. அதன் 13ஆம் பிரிவின்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் (சுருக்கமாக சி.ஆர்.ஆர்.) பெயர் இல்லாதவர் சிறப்பாசிரியராகத் தொழில் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் இன்றைக்குச் சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அந்த சி.ஆர்.ஆர். எண் சென்டருக்குச் சொந்தமானதல்ல, உங்களுக்குச் சொந்தமானது. ஒரு ரிப்போர்ட்டின் அடியில் அது இருந்தால், "இந்தக் குழந்தையை நான் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு" என்று நீங்கள் சொன்னதாக அர்த்தம். ஒரு நாள்கூட நீங்கள் தொட்டுப் பார்க்காத குழந்தைக்கு நாளை ஏதாவது நடந்தால், விளக்கம் கேட்டு வரும் கடிதம் உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும். நடத்தை விதிகளை மீறியவரின் பெயரைப் பதிவேட்டில் இருந்து நீக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் உரிமையாளருக்குப் பதிவு எண்ணே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இந்த விஷயத்தில் இழப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

அந்த இரண்டு பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. நான் பார்த்த மிகச் சிறந்த உதவியாளர்களில் ஒருவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். குழந்தைகள் அவரிடம் சாப்பிட்டது போல வேறு யாரிடமும் சாப்பிட்டதில்லை. உதவியாளரை உதவியாளர் என்று சொல்லி வேலைக்கு வைத்தால் அதில் பொய் இல்லை. திட்டத்தை நீங்கள் எழுதி, அவர்கள் எடுக்கும் செஷன்களில் சிலவற்றையாவது வாரந்தோறும் நேரில் பார்த்துத் திருத்தினால், "பயிற்சி அளித்தவர் இன்னார், மேற்பார்வை இன்னார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பார்க்காமல் போடக் கூடாது. அதேபோல, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எல்லாம் ஒன்றல்ல என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. ஸ்பீச் தெரபிஸ்ட்டும் மருத்துவ உளவியலாளரும் நம்மைப் போலவே மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வருகிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபி இரண்டும் அதில் இல்லை. அவற்றுக்கு 2021ல் தனிச் சட்டம் வந்தது. ஆர்.பி.டி., பி.சி.பி.ஏ. என்று போட்டுக்கொள்வது நடத்தைப் பயிற்சிக்கு அமெரிக்க வாரியம் ஒன்று கொடுக்கும் சான்று. 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களிடம் அந்த வாரியம் புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை. அந்தப் படிப்பு நல்ல படிப்பாகவே இருக்கலாம், ஆனால் அது மறுவாழ்வு கவுன்சில் பதிவுக்கு ஈடாகாது.

அடுத்தது ரிப்போர்ட். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நாலரை வயதுப் பையன், ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பால் டம்ளரைக் காட்டி நான் "பா" என்று எடுத்துக் கொடுத்தால் அவனும் "பா" என்பான். "எட்டு வார்த்தை பேசுகிறான் என்று போடுங்கள் மேம், அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும்" என்றார்கள். போட்டேன். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு அழுதார். மறுநாள் எனக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். அதே சமயத்தில் வேறு இடத்தில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், படங்களை எடுத்துக் கொடுத்துத் தேவையைச் சொல்லும் முறையை இவனுக்குத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். "பேச்சுதான் வந்துவிட்டதே, படம் எதற்கு" என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். மறுக்கும்போது அவர்கள் எடுத்துக் காட்டியது என் ரிப்போர்ட்டை. ஒன்றேகால் வருடம் அப்படியே போனது. பசித்தால் சுவரில் தலையை முட்டுவான், தாகம் எடுத்தால் கையைக் கடிப்பான். பிறகு வேறொருவர் படங்களைத் தொடங்கினார். மூன்றாவது வாரம் தண்ணீர் படத்தைத் தானாக எடுத்து அம்மாவின் கையில் வைத்தான். அவர் என்னிடம் வந்து அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார், என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றைக்கு நான் பட்ட வேதனை இன்னும் தீரவில்லை.

அதுவரை, கொஞ்சம் கூட்டி எழுதுவது பெற்றோருக்குச் சொல்லும் ஆறுதல் என்றே நினைத்திருந்தேன். அந்தத் தாளை வைத்து அவர்கள் முடிவு எடுக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. எந்தப் பள்ளியில் சேர்ப்பது, டாக்டரிடம் என்ன சொல்வது, அப்பா ஊரில் இருக்க அம்மாவும் பிள்ளையும் இன்னொரு வருடம் வாடகை வீட்டில் தங்குவதா, நகையை அடகு வைப்பதா... எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். ரிப்போர்ட்டில் பொய் இருந்தால் இந்த முடிவுகள் எல்லாம் பொய்யின் மேல் நிற்கின்றன. நம் தொழிலில் நேர்மை என்று தனியாக ஒன்று எங்கோ இல்லை, பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சரி, "முன்னேற்றம் இல்லை" என்று எழுதினால் உரிமையாளர் விடமாட்டாரே என்பீர்கள். அப்படி ஒற்றை வரியில் எழுதச் சொல்லவில்லை, அது குழந்தைக்கும் உதவாது. உங்கள் டிப்ளமோவிலேயே இதற்குக் கருவி கொடுத்திருக்கிறார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 1992ல் வெளியிட்ட, குழந்தையின் திறன்களை மதிப்பிடும் பேசிக் எம்.ஆர். அளவுகோலை நினைத்துப் பாருங்கள். தானாகச் செய்தால் 5, குறிப்புக் காட்டினால் செய்வது 4, வாயால் சொன்னால் 3, கையைப் பிடித்துச் செய்ய வைத்தால் 2, முழுக்க நாமே செய்துவிட வேண்டியிருந்தால் 1. நம் சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். என்ற இன்னொரு மதிப்பீட்டுப் படிவத்தில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 திறன்கள், எளிதில் இருந்து கடினத்துக்கு வரிசையாக. இவற்றில் ஒன்றை வைத்து முதல் வாரமே நிலையைக் குறித்துவிட்டால், பிறகு அலங்கார வார்த்தைக்கு இடமே இருக்காது. உதாரணமாக இப்படி எழுதலாம்: "பொத்தான் போடுதல்: ஜூனில் கையைப் பிடித்து உதவினால் செய்தான், செப்டம்பரிலும் அதே நிலை. பெரிய பொத்தான் வைத்த பலகையில் முயன்றோம், விரல் பிடிப்பு போதவில்லை. அடுத்த மூன்று மாதம் விரல் பிடிப்புக்குப் பயிற்சி. அதுவரை சட்டைக்கு வெல்க்ரோ வைக்கலாம்." இதில் பொய் இல்லை, பெற்றோரைக் கலங்கடிக்கும் வார்த்தையும் இல்லை. மூன்று மாதம் என்ன செய்தீர்கள் என்பதும் தெரிகிறது. இப்படிப்பட்ட ரிப்போர்ட்டை எந்த உரிமையாளரும் எளிதில் கிழித்துப் போட முடியாது.

ஒரு திறனில் நகர்வே இல்லை என்பது அதுவே ஒரு செய்தி. இலக்கு பெரிதாக இருக்கலாம், முறை பொருந்தாமல் இருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம், வலிப்பு வந்து போய்க்கொண்டிருக்கலாம், காதே சரியாகக் கேட்காமல் இருக்கலாம். "நன்றாக ஒத்துழைக்கிறான்" என்று எழுதி மூடிவிட்டால் இதில் எதையும் யாரும் தேடமாட்டார்கள்.

வாரம் ஐந்து செஷன் என்ற விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, ஏனென்றால் ஆராய்ச்சியே அங்கு உறுதியாக இல்லை. "அதிக மணி நேரம், அதிகப் பலன்" என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் மூலம் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளை வைத்து 1987ல் வெளியிட்ட ஆய்வு. வாரம் சுமார் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண முதல் வகுப்புக்குப் போனார்கள் என்றது அது. யாருக்கு எந்தப் பயிற்சி என்று குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு அது. தொடையில் அடிப்பது உள்ளிட்ட தண்டனைகளும் அதில் இருந்தன. 2024ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் 144 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், 9,000க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகள். மணி நேரம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதனால் ஐந்து செஷன் எந்தக் குழந்தைக்குமே தேவையில்லை என்று ஆகிவிடாது. சில குழந்தைகளுக்கு, சில காலத்துக்கு, தேவைப்படும். நான் தவறு என்று சொல்வது, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணிக்கையை முடிவு செய்வதை. செஷனுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 10,000 ரூபாய். அதைக் கட்டுவதற்காக அந்த வீட்டில் எதையோ குறைக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையம், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள், சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், இவை எல்லாம் இருக்கின்றன என்பதைப் பெற்றோருக்குச் சொல்வதும் நம் வேலைதான். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் கட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அம்மாவைப் பார்த்தால் மடியை விட்டு இறங்காத குழந்தைகள் உண்டு. அதே அறையில் மற்றக் குழந்தைகள் இருந்தால் அவர்களுடைய அந்தரங்கமும் முக்கியம். முதல் இரண்டு வாரம் வெளியே உட்காரச் சொல்வதை நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒருபோதும் பார்க்கக் கூடாது என்றால் அதற்குக் கல்விக் காரணம் எதுவும் கிடையாது. கண்ணாடி ஜன்னல் வைக்கலாம், வாரம் ஒரு செஷனில் கடைசிப் பத்து நிமிடம் அழைத்துச் செய்து காட்டலாம். நம்மிடம் குழந்தை இருப்பது ஒரு மணி நேரம், வீட்டில் இருப்பது மீதி நாள் முழுக்க. வீட்டுக்குக் கற்றுக்கொடுக்காத பயிற்சி அந்த அறையிலேயே தங்கிவிடும். பேச முடியாத குழந்தை, உள்ளே என்ன நடந்தது என்று வெளியே வந்து சொல்லப் போவதில்லை. பூட்டிய கதவை நான் பயத்தோடு பார்ப்பது அதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் தொடங்குகிற இடம் பல சமயம் இங்கே போய் நிற்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை என்று உங்கள் சென்டர் எங்காவது அனுப்பினால், உடன்படாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே அதைக் காசுக்குச் செய்வதற்கு இடமில்லை. குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்ட வைத்து, குழந்தையே எழுதியது என்று காட்டும் முறையும் அப்படித்தான். எழுதுவது உதவி செய்பவர்தான் என்பது பல சோதனைகளில் தெரிந்துவிட்டது, அமெரிக்கப் பேச்சு-செவித்திறன் சங்கம் 2018ல் அதைக் கைவிடும்படி சொல்லியிருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. நேர்மையாக நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் பலர் தங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் தாங்களே தொடங்கிய பெற்றோர். ஆனால் உங்கள் உரிமையாளரைக் கெட்டவர் என்று நான் முடிவு கட்டவும் மாட்டேன். வாடகை, சம்பளம், மாதத்தில் பாதி நாள் வராத குழந்தைகள், அரசு மானியம் என்று ஒரு ரூபாய் கிடையாது. நல்ல செய்தியை மட்டும் கேட்க விரும்பும் பெற்றோர் பக்கத்துத் தெரு சென்டருக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். இந்த நெருக்கடி நிஜம். அதைத் தீர்க்க அவர் கட்டணத்தை மாற்றலாம், குழுச் செஷன் வைக்கலாம், வராத நாளுக்கு முன்கூட்டியே விதி சொல்லலாம். ரிப்போர்ட்டில் கை வைக்கக் கூடாது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. இன்றில் இருந்து, நீங்கள் எடுக்கும் குழந்தைகளின் ரிப்போர்ட்டை நான் மேலே சொன்ன மாதிரி எழுதுங்கள். யாரிடமும் அறிவிக்க வேண்டாம், எழுதிக் கொடுங்கள். மாற்றச் சொன்னால், "சார், இதில் எந்த வரி தவறு என்று சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். மற்றக் குழந்தைகளுக்குக் கையெழுத்துக் கேட்டால், மேற்பார்வைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள், பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். வாயால் சொன்னதை அன்றே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள், தேதி முக்கியம். குழந்தைகளின் கோப்பையோ வீடியோவையோ ஆதாரம் என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அது இன்னொரு தவறாகிவிடும். உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்கள் வாங்கி வைத்திருந்தால், ஏதாவது காரணம் சொல்லி முதலில் அதைத் திரும்பப் பெறுங்கள். அப்புறம் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கையில் வேலை இல்லாமல் ராஜினாமா கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சம்பளத்தில் ஒரு வீடு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெற்றோரிடம் சொல்லலாமா என்றால், உங்கள் பொறுப்பில் உள்ள குழந்தையைப் பற்றி, அந்தப் பெற்றோர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் உண்மையைச் சொல்லுங்கள். அது உங்கள் கடமை, யாரும் தடுக்க முடியாது. உங்கள் பொறுப்பில் இல்லாத பெற்றோரைத் தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இங்கே எல்லாம் பொய்" என்று சொல்வதை நான் செய்யமாட்டேன். அது விரைவில் வீண் வம்பாக மாறும், "அங்கே விட்டு என்னிடம் அழைத்து வாருங்கள்" என்கிற மாதிரியும் கேட்கும். என் தோழி ஒருத்தி இதில் என்னோடு உடன்படவில்லை, பணம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் இந்தத் தயக்கம் எல்லாம் கூடாது. அடிப்பது, நாற்காலியில் கட்டி வைப்பது, இருட்டு அறை, பாலியல் சீண்டல், இதில் எதையாவது பார்த்தாலோ கேள்விப்பட்டாலோ அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் கொடுப்பது உங்கள் விருப்பம் அல்ல, கட்டாயம். சென்டரின் பெயர் கெடும் என்பது அங்கே காரணமே ஆகாது.

சென்டருக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 50ன்படி, இவர்களுக்குக் கல்வியோ பயிற்சியோ தரும் நிறுவனம் பதிவுச் சான்று இல்லாமல் நடக்கக் கூடாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பேசிப் பார்த்தும் எதுவும் மாறவில்லை என்றால், வேலையை விட்ட பிறகு புகார் கொடுக்க வேண்டிய இடமும் அதுதான். அதற்கு மேல் மாநில ஆணையர் இருக்கிறார். புகாரில் உங்கள் கோபத்தை எழுதாதீர்கள். எந்தத் தேதியில், யார், எதில் கையெழுத்துப் போடச் சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு வயதுக் குழந்தை ஒன்றுக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், "கழிப்பறைப் பயிற்சி முடிந்தது" என்று போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாளை தொடங்கி மூன்று நாள், எத்தனை முறை அழைத்துப் போனீர்கள், எத்தனை முறை குழந்தை தானாகக் காட்டியது, எத்தனை முறை உடை நனைந்தது என்று குறித்து வையுங்கள். அந்த மூன்று எண்களை வைத்தே பத்தியை எழுதிவிடலாம். எழுதியதும், பெயர், வயது, சென்டர் எதுவும் இல்லாமல் வாசகத்தை மட்டும் கீழே போடுங்கள். வியாழன் இரவுக்குள் பார்த்துச் சொல்கிறேன்.